கடைமடைக்குப் போன ஓய்வூதியம்

கடலூர் முதுநகரிலிருந்து சிதம்பரத்துக்குப் பாசஞ்சர் ரயிலில் கல்லூரிக்குப் போய்வருகிறவள் நான். வழியில் கிள்ளை என்றொரு சிறு நிலையம் உண்டு. வண்டி அங்கே நின்று கிளம்பும் வரை, நடைமேடை இல்லாத பக்கத்துச் சன்னலைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். தமிழ் இளங்கலையில் சேர்ந்த நாள் முதல் முதுகலை இரண்டாம் ஆண்டு வரை இந்த வழக்கத்தை மாற்றிக்கொண்டதில்லை. சென்ற ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், அந்த நிலையத்தில் முதல் முறையாக இறங்கினேன். உடன் அம்மா இருந்தார். அப்பா இறந்து அப்போது ஒரு மாதம்கூட நிறைந்திருக்கவில்லை.

கிள்ளையில் அப்பாவுக்கு இன்னொரு வீடு இருந்தது. அது எனக்குத் தெரியவந்த நாள் என்று ஒன்றைச் சொல்ல முடியாது. வீட்டில் உப்பு எந்த டப்பாவில் இருக்கிறது என்பது எப்படித் தெரியுமோ அப்படித்தான் அதுவும் தெரியும். அந்த வீட்டுப் பெண்ணுக்கு எங்கள் பேச்சில் பெயரோ உறவுமுறையோ கிடையாது. ஊர்ப் பெயர்தான். "கிள்ளைக்குப் போயிருக்காரு", "கிள்ளையிலேருந்து போன் வந்துது" என்பதோடு முடிந்துவிடும். ஆகவே இங்கும் அவரைக் கிள்ளைக்காரர் என்றே குறிப்பிட்டுத் தொடங்குகிறேன்.

அப்பா பொதுப்பணித் துறையில் பாசன வேலை பார்த்தவர். லஸ்கர் என்று சொன்னால்தான் எங்கள் பக்கத்து விவசாயிகளுக்கு விளங்கும். மதகுகளின் ஷட்டரை ஏற்றி இறக்குவதும், வாய்க்கால் கரையில் நடந்து உடைப்பு பார்ப்பதும் அவர் வேலை. சேத்தியாத்தோப்பில் தொடங்கிச் சிதம்பரம் பக்கத்தில் ஓய்வு பெற்றார். தண்ணீர் குறைந்த ஆண்டுகளில் எல்லா வாய்க்காலுக்கும் ஒரே நேரத்தில் விட முடியாது. முறை வைத்து விடுவார்கள். அப்பா தம் கைக்கு உட்பட்ட மதகுகளில் அந்த முறையைக் கடைமடையிலிருந்து, அதாவது வாய்க்கால் போய் முடிகிற கடைசி வயல்களிலிருந்து, தொடங்குவார். வாய்க்காலின் தொடக்கத்தில் வயல் உள்ள தலைமடைக்காரர்கள் வீடு தேடி வந்து சண்டை போட்டிருக்கிறார்கள். "தலைமடக்காரன் என் வாசல்ல நின்னு திட்டறான். கடைமடக்காரனுக்குத் திட்டறதுக்குக்கூட நான் கண்ணுல படல. அப்ப யாருக்கு மொதல்ல வுடணும்?" என்று அவர் ஒருவரைக் கேட்டது எனக்கு நினைவிருக்கிறது.

விட்ட தண்ணீர் கடைமடை வரை போய்ச் சேர்ந்ததா என்று பார்க்கக் கிள்ளைப் பக்கம் போவார். "கடைமட பாக்கப் போறேன், கடைமட பாக்கப் போறேன்னு போனாரு. என்னத்தப் பாத்தாருன்னு அப்பறந்தான தெரிஞ்சுது" என்பது என் தாய்மாமாவின் வாடிக்கையான வசனம். எந்த விசேஷ வீட்டிலும் அதைச் சொல்லாமல் மாமா பந்தியை விட்டு எழுந்ததில்லை. அம்மாவின் ஒரே தம்பி அவர். அக்காவுக்காகக் கோபப்படுவது தம் பொறுப்பு என்று எடுத்துக்கொண்டவர்.

அம்மா கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. வீட்டு முன்னறையில் கிரைண்டர் போட்டு இட்லி மாவு அரைத்துத் தெருவுக்கு விற்றார். ஓய்வு பெற்ற பிறகு அப்பா பெரும்பாலும் கிள்ளையிலேயே தங்கிவிட்டார். என்றாலும் மாதம் பிறந்ததும் ஓய்வூதியத்தில் பாதியை அம்மாவிடம் சேர்த்துவிடுவார். பிறகு அவருக்குப் பக்கவாதம் வந்தது. பேச்சும் போயிற்று. சிதம்பரம் மருத்துவமனைக்கு அவரை அழைத்து வரும் நாட்களில் நான் கல்லூரியிலிருந்து போய்ப் பார்ப்பேன். என் தலையைக் கண்டதும் கிள்ளைக்காரர் கட்டிலை விட்டு எழுந்து, பையை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போய்விடுவார். நான் கிளம்பும் வரை உள்ளே வரமாட்டார். நாங்கள் ஒரு சொல்லும் பேசிக்கொண்டதில்லை.

அப்பா படுத்த பிறகும் பாதி ஓய்வூதியம் தவறாமல் வந்தது. கிள்ளைக்காரர் எடுத்து அம்மாவின் கணக்கில் போடச் செய்தார். சென்ற ஆண்டு மாசியில் அது நின்றது. பங்குனியிலும் வரவில்லை.

"ஷட்டர எறக்கிட்டாப்போல" என்றார் அம்மா. அவ்வளவுதான்.

"ரயில் அங்கதானம்மா நிக்குது. எறங்கிக் கேட்டுட்டு வரட்டுமா?" என்றேன்.

"கேட்டு வாங்கித் திங்கற பொழப்பு எனக்கு வேணாம். நீ படிக்கப் போற புள்ள, படிச்சிட்டு வா."

அரைக்கும் மாவைக் கூட்டிக்கொண்டார். விடியலில் இரண்டு ஹோட்டல்களுக்கும் அரைத்துக் கொடுத்தார். கிரைண்டரைக் கழுவும்போது மட்டும் வாய்க்குள் எதையோ முணுமுணுப்பார். அது கிள்ளைக்குப் போகும் வசவு என்று எனக்குத் தெரியும்.

புரட்டாசியில் அப்பா கிள்ளையில் இறந்தார். மாமா வேன் வைத்துக்கொண்டு போய் உடலைக் கடலூருக்குக் கொண்டுவந்தார். கிள்ளைக்காரர் பின்னாலேயே பஸ் பிடித்து வந்து, எங்கள் தெருமுனையில் மின்கம்பத்தின் அருகே செருப்பைக் கையில் பிடித்தபடி நின்றார். மாமா வாசலில் குறுக்கே நின்றுகொண்டார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. அவர் ஓரடியும் முன்னால் எடுத்து வைக்கவில்லை. உடலைத் தூக்கியபோது நின்ற இடத்திலேயே மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்தார். அம்மா அதைப் பார்த்தார் என்பதை நான் பார்த்தேன்.

காரியம் முடிந்தபின் அம்மாவும் நானும் ஓய்வூதிய அலுவலகத்துக்குப் போனோம். இறந்த செய்தியை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று மாமா சொல்லியிருந்தார். சேதி தெரியாமல் பணம் ஏறிக்கொண்டே போனால் பின்னால் திருப்பிக் கட்ட வேண்டிவரும் என்பது அவருடைய கவலை. கவுன்ட்டரில் இருந்த அம்மையார் கணினியைப் பார்த்துவிட்டு எங்களை உட்காரச் சொன்னார்.

"திருப்பிக் கட்டறதுக்கு ஒன்னும் இல்லம்மா. ஐயாவுக்கு மாசியிலேருந்தே பென்ஷன் ஏறலியே. இந்த வருஷம் மஸ்டரிங் பண்ணல இல்ல?"

ஓய்வூதியம் வாங்குகிறவர் உயிரோடு இருக்கிறார் என்பதை ஆண்டுக்கு ஒரு முறை காட்டிப் பதிவு செய்வதைத்தான் மஸ்டரிங் என்கிறார்கள். அது நடக்காவிட்டால் பணம் நின்றுவிடும். நின்ற பணம் போய்விடாது, அவர் இறந்த நாள் வரைக்கும் உள்ள பாக்கி அவர் நியமித்தவருக்கு வரும், அந்த நியமனத்தில் இருப்பது உங்கள் பெயர்தான் என்று அம்மாவுக்கு அவர் பொறுமையாக விளக்கினார். அதற்குப் பிறகு மாதந்தோறும் அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் உண்டு. இறப்புச் சான்றை மட்டும் இறந்த ஊரிலிருந்து வாங்கிவர வேண்டும்.

எனக்கு உள்ளூரச் சற்று ஆறுதலாக இருந்தது. முதுகலை முடித்து பி.எட். சேர வேண்டும் என்பது என் எண்ணம். அதற்கு வழி தெரிந்தது போலிருந்தது. ஷேர் ஆட்டோவில் வீடு வந்து சேர்ந்தோம். பூட்டைத் திறக்கச் சாவியைப் போட்ட அம்மா, திருப்பாமல் நின்றார்.

"அப்ப மாசியிலேருந்து அவ கைக்கும் ஒன்னும் வரல. மருந்து, மாத்திரை, சோறு... எங்கேருந்து வந்துது?"

அதை அம்மா என்னிடம் கேட்கவில்லை. சாவியைத் திருப்பி உள்ளே போனார்.

கிள்ளையில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரம்தான் வீடு. மழைநீர் தேங்கிய தெருவில், தகரம் போட்ட இரண்டு அறை. சிதம்பரத்துக் கடைக்கு உள்பாவாடை தைத்துக் கொடுப்பது கிள்ளைக்காரருக்குத் தொழில். வாசலோரம் தையல் மெஷினில் குனிந்திருந்தவர், வாயில் நூலோடு எழுந்து நின்றார். "வாங்க" என்று சொல்லிவிட்டு, அதற்குப் பின்னால் சேர்க்க வேண்டிய முறைச்சொல் அகப்படாமல் அப்படியே நிறுத்திக்கொண்டார். அம்மா மெஷினுக்குப் பக்கத்திலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் நின்றேன். அப்பா படுத்திருந்த கட்டில் சுவரோடு சாய்த்து வைக்கப்பட்டிருந்தது.

அம்மா வந்த காரியத்தைச் சொன்னதும், கிள்ளைக்காரர் உள்ளே போய் ஒரு பையை எடுத்து வந்தார். இறப்புச் சான்று ஏற்கெனவே வாங்கி வைக்கப்பட்டிருந்தது, அதுவும் மூன்று பிரதிகள். மூன்றையும் லேமினேட் செய்திருந்தார்.

"மழ நாளு. நனைஞ்சிடப் போவுதேன்னு ஒட்டிட்டேன். சம்சாரம் பேரு கேட்டாங்க. உங்க பேரத்தான் சொன்னேன். எழுத்து சரியா இருக்குதான்னு பாப்பாவப் பாக்கச் சொல்லுங்க."

நான் பார்த்தேன். சரியாக இருந்தது.

அம்மா சான்றைத் தொடவில்லை. "மஸ்டரிங்குக்கு ஏன் போவல?" என்று கேட்டார். கொஞ்சம் கடுமையாகத்தான் கேட்டார்.

கிள்ளைக்காரர் நூலைச் சுருட்டத் தொடங்கினார். பதிலை வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு அம்மாள் சொன்னார். எங்களைப் பார்த்ததுமே வேலியோரம் வந்து நின்றுவிட்டவர் அவர்.

"எங்கேருந்து போவும்? போனது போனதுதான், ஒரு தபா. ஆளு படுக்கையில கெடக்கறாரு, வூட்டாண்ட வந்து பாக்க முடியுமான்னு கேக்கறதுக்கு. அங்க ஒரு கேள்வி கேட்டாங்களாம், இது வாய மூடிக்கினு திரும்பி வந்துடுச்சு. அதுக்கப்பறம் நான் தலப்பாடா அடிச்சிக்கினேன், அசையல."

"என்னா கேட்டாங்க?" என்றார் அம்மா.

"ஒன்னும் தப்பாக் கேக்கல" என்றார் கிள்ளைக்காரர் அவசரமாக. "நல்லாத்தான் பேசினாங்க. நீங்க அவருக்கு யாருன்னு கேட்டாங்க. எல்லாரையும் கேக்கறதுதான். எனக்கு என்னான்னு சொல்றதுன்னு தெரியல. சம்சாரம்னு சொன்னாப் பொய்யி. வேற ஏதாவது சொல்லப்போயி, அது எங்கியாவது பதிஞ்சு, நாளைக்கு உங்க பென்ஷனுக்குக் கெடுதலா வந்துட்டா? அதான் வந்துட்டேன்."

"அவரையாவது ஒரு வார்த்த கேட்டிருக்கக் கூடாது?" என்றார் அம்மா.

"பேச்சே இல்லியே."

"எங்கிட்ட சொல்லி அனுப்பறது."

கிள்ளைக்காரர் முதல் முறையாக அம்மாவின் முகத்தைப் பார்த்தார். "பாதி அனுப்ப முடியலியேன்னு நானே வெக்கப்பட்டுக்கினு இருந்தேன். இதுல ஆளு வேற அனுப்பினா, துட்டுக்கு வழி கேக்கறான்னு நெனச்சிப்பீங்க."

இரண்டு வீடுகளுக்கும் நடுவில் ஒரு பாசஞ்சர் ரயில் நாள்தோறும் என்னை ஏற்றிக்கொண்டு ஓடியிருக்கிறது. ஒருவர், மற்றவள் மதகை அடைத்துவிட்டாள் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. மற்றவர், கேட்டால் கேவலம் என்று திறக்கவில்லை. யாராவது ஒருவருக்கு மானம் கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும்.

"எல்லாத்தையும் சொல்லு, இதையும் சொல்லு" என்றார் வேலியோர அம்மாள், டீயை வேலிக்கு மேலாக நீட்டியபடி. "வூட்டு மனைப் பத்திரத்தக் கொண்டுபோயிச் சிதம்பரத்துல வட்டிக்கு வச்சிட்டுக் குந்தியிருக்குது. பங்குனிக்குள்ள மீட்டுக்கலன்னா வூடும் போச்சு. அப்பறம் மெஷினத் தூக்கித் தலையில வச்சிக்கினு எங்க போவும்?"

"நீ சும்மா இரு. அவுங்க துக்கத்துல வந்திருக்காங்க."

"ஆமா, நீ மட்டும் சந்தோஷத்துல இருக்கற பாரு."

அம்மா டீயைக் குடித்து முடித்தார். டம்ளரைக் கழுவி வைத்தார். "வரோம்" என்றார். நான் வேறெதையோ எதிர்பார்த்திருந்தேன், ஏமாற்றமாக இருந்தது. திரும்பும் ரயிலில் அவர் நடைமேடைப் பக்கத்துச் சன்னலில் உட்கார்ந்து, நிலையம் கண்ணிலிருந்து மறையும் வரை பார்த்துக்கொண்டே வந்தார்.

அதன் பிறகு விண்ணப்ப வேலைகள். மாமாவைப் பற்றி நான் குறைவாக எழுதிவிடக் கூடாது. சான்றொப்பம், வங்கிக் கணக்கு நகல், புகைப்படம் என்று அலுவலகத்துக்கும் வீட்டுக்கும் அலைந்தவர் அவர்தான். லேமினேட் செய்த சான்றைப் பார்த்து, "இத வச்சி விசிறிக்கலாம்" என்று திட்டிக்கொண்டே, வேறு பிரதி எடுக்க வழி செய்தவரும் அவர்தான். குடும்ப ஓய்வூதியம் முதலில் வரத் தொடங்கியது. இந்த ஆண்டு மாசியில் அப்பாவின் பாக்கி அம்மாவின் கணக்கில் ஏறியது. செய்தி தெரிந்த அன்றே மாமா வந்தார். கூரைத் தளம் ஒழுகுவதைப் பூசக் கொத்தனாரிடம் விலை கேட்டு வைத்திருந்தார். மீதி என் பி.எட்.டுக்கு.

அம்மா மாவு பாக்கெட்டுகளை எடுத்து வைத்துக்கொண்டே, "அது கிள்ளைக்குப் போவுதுடா" என்றார்.

மாமாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தார். "யக்கா, உனக்கு என்னா ஆச்சு? சட்டத்துல அவளுக்கு ஒரு பைசா கெடையாது. தெரியுமில்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சா?"

"சட்டம் மதகு வரைக்கும் கொண்டாந்து வுட்டுடுச்சு. இங்கேருந்து யாருக்குத் தொறக்கறதுன்னு நான்தான பாத்துக்கணும்? இத்தினி வருசம் லஸ்கருகிட்டக் குடும்பம் பண்ணியிருக்கேன், இதுகூடத் தெரியாதா?" அம்மா கையைத் துடைத்துக்கொண்டார். "நமக்கு இனிமே மாசாமாசம் வரும். நாம தலைமட. அவளுக்கு இதுக்கப்பறம் ஒரு சொட்டு வராது. அந்த மனுசன் இருந்தா முறைய எங்கேருந்து வச்சிருப்பாரு, சொல்லு."

"ஊரே சிரிக்கும். உன்ன ஏமாத்தினவளுக்கு நீயே போயி அள்ளிக் குடுக்கறியா? பெரிய தியாகியா நீ?"

"தியாகமும் இல்ல, மண்ணும் இல்ல." அம்மாவின் குரல் அப்போதுதான் உயர்ந்தது. "ஏமாத்தினது யாருன்னு கணக்குப் பாத்தா, பாடையில போன ஆள எழுப்பிக் கேக்கணும். அத வுடு. அந்த மாசமெல்லாம் எம்புருசனுக்குப் பீ மூத்திரம் அள்ளிப் போட்டவ அவ. நான் அந்த மாசமெல்லாம் கிரைண்டரக் கழுவிக்கினே அவள வாய்க்கு வந்தபடி திட்டிக்கினு இருந்தேன். ரெண்டுல எதுக்குடா சம்பளம்?"

மாமா என்னைப் பார்த்தார், நான் ஏதாவது சொல்வேன் என்று. அம்மாவும் என் பக்கம் திரும்பினார்.

"உங்கப்பன் துட்டு. உனக்கும் இதுல பங்கு இருக்குது. உன் படிப்பு ஒரு வருசம் தள்ளிப் போவும். நீ வேணாம்னா வேணாம், நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

அது ஒரு பேச்சுக்காகக் கேட்டதல்ல. நான் மறுத்திருந்தால் அன்றே அதை விட்டுவிட்டிருப்பார். எனக்கு மருத்துவமனை வராந்தா நினைவுக்கு வந்தது. பையை மடியில் வைத்துக்கொண்டு, நான் வெளியே வருகிறேனா என்று பார்த்துக்கொண்டிருந்த முகம் நினைவுக்கு வந்தது. "குடுத்துடலாம்மா" என்றேன். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு, கொத்தனாரிடம் என்ன சொல்வது என்று புலம்பியபடி போனார்.

பங்குனி தொடக்கத்தில், காலைப் பாசஞ்சரில் மறுபடியும் கிள்ளையில் இறங்கினோம். அம்மா வீட்டுக்குள் போகவில்லை. வாசலில் நின்றே, "கெளம்பு. சிதம்பரம் போவணும். கடன் ரசீது எங்க வச்சிருக்கற?" என்றார்.

விஷயம் புரிந்ததும் கிள்ளைக்காரர் இரண்டு கைகளையும் முன்னால் நீட்டித் தடுப்பது போல ஆட்டினார். "ஐயோ, வேணாம். அது பாப்பா படிப்புக்கு. நான் எப்படியாவது பாத்துக்குவேன்."

"இது நான் குடுக்கறது இல்ல. அவரு உசுரோட இருந்த நாளுக்கு உள்ளது. செத்த அன்னியோட கணக்க நிறுத்திப்புட்டாங்க. அந்த நாளெல்லாம் அவரு எங்க சாப்ட்டாரு? எங்கூட்டுலயா?"

"அப்பன்னாலும் பாதி உங்களுது. எப்பவும் பாதி உங்களுக்குத்தான் அனுப்புவோம்."

"அது அவரு இருந்தப்ப."

"அவரு இல்லன்னா முறை மாறிடுமா?"

வாங்குகிறவர் குறைத்தும் கொடுக்கிறவர் கூட்டியும் பேசிய அப்படியொரு பேரத்தை நான் எந்தச் சந்தையிலும் கேட்டதில்லை. வேலியோர அம்மாள் இருவரையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, "ரெண்டு பேருக்கும் வேணாம்னா எங்கிட்டக் குடுத்துடுங்க. எனக்கு வெக்கமே கெடையாது" என்றார். கிள்ளைக்காரருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அந்தச் சமயம் பார்த்து அம்மா, "சரி. கடன அடச்சப்பறம் மிச்சம் நின்னா அதுல பாதி எனக்கு. பஸ்ஸு போயிடும், பொடவைய மாத்து" என்றார்.

கடன் கொடுத்தவரின் இடம் சிதம்பரத்தில் தேரோடும் வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில், மாடியில் இருந்தது. மேசைக்குப் பின்னால் இருந்த வயதான கணக்கர் மரியாதையாகப் பேசினார். அசலும் வட்டியும் சேர்த்துச் சொன்னார். அம்மா பணத்தை எடுத்து வைத்தார். எண்ணி முடித்து, ரசீதுப் புத்தகத்தைத் திறந்தவர், மூக்குக் கண்ணாடிக்கு மேலாக எங்களை நிமிர்ந்து பார்த்தார்.

"கடன் இவங்க பேர்ல இருக்குது. பணம் கட்டறது நீங்க. நீங்க இவங்களுக்கு என்னா வேணும்?"

அதே கேள்வி. இந்த முறை திசை மாறி அம்மாவிடம் வந்திருந்தது. என் பக்கத்தில் நின்ற கிள்ளைக்காரரின் கை, அவர் வைத்திருந்த பையின் காதை இறுக்கிப் பிடித்தது. "அவுங்க... கடலூர்ல..." என்று தொடங்கி, பாதியில் நிறுத்திவிட்டார். தலை குனிந்துகொண்டது. சொற்களைத் தேர்ந்தெடுப்பதையே படிப்பாகக் கொண்டிருக்கும் நான், அந்தக் கணத்தில் மனத்துக்குள் தேடிப் பார்த்தேன். உண்மையாக இருந்த சொல் ஒவ்வொன்றும் இருவரில் ஒருவரைச் சிறுமைப்படுத்தியது. கௌரவமாக இருந்த சொல் ஒவ்வொன்றும் பொய்யாக இருந்தது.

அம்மா தயங்கவில்லை என்று எழுதினால் அது உண்மையாகாது. தயங்கினார். மூச்சை ஒரு முறை இழுத்து விட்டார். பிறகு சொன்னார்.

"அக்கா."

"கூடப் பொறந்தவங்களா?"

"பொறந்த கதையெல்லாமா ரசீதுல எழுதப் போறீங்க? அக்கான்னு எழுதிக்கங்க. இவ என் தங்கச்சி."

கணக்கர் எழுதிக்கொண்டார். பத்திரத்தை எடுத்துவர உள்ளே போனார். அம்மா மேசையைப் பார்த்தபடியே, பக்கத்தில் நின்றவரின் கையைப் பையின் காதிலிருந்து விடுவித்துத் தம் கைக்குள் வைத்துக்கொண்டார். அழுகைச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. குனிந்திருந்த தலை மட்டும் மெல்ல நிமிர்ந்தது. இனி அவரை நான் சின்னம்மா என்றே எழுதலாம்.

வட்டி தின்றதுபோக மிஞ்சியது மிகச் சிறிய தொகை. சொன்ன சொல் தவறாமல் அம்மா அதில் பாதியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். கீழே இறங்கியதும் சின்னம்மா எங்களை ஓர் ஓட்டலுக்குள் ஏறக்குறைய இழுத்துக்கொண்டு போனார். இட்லியும் சிதம்பரத்துக் கத்தரிக்காய்க் கொத்சும். "இதுக்கு நான்தான் குடுப்பேன். இதுலயும் சண்டைக்கு வந்தீங்கன்னா எழுந்து போயிடுவேன்" என்றார். அம்மா சண்டைக்குப் போகவில்லை. வழக்கத்தைவிட இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டு, "மாவுல உளுந்து கம்மி" என்று தொழில் பேசினார். "உங்க கைப்பக்குவத்துக்கு வராதுக்கா இது" என்றார் சின்னம்மா. வாசலில் அகப்படாமல் நின்றுபோன முறைச்சொல் அவருக்கு அங்கே, கொத்சுக் கிண்ணத்துக்கு முன்னால், தானாக வந்துவிட்டிருந்தது.

மாமாவிடம் அம்மா எதையும் மறைக்கவில்லை. ரசீதில் எழுதச் சொன்னதையும் சொன்னார். மாமா ஒழுகும் தளத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, "அப்ப எனக்கு இன்னொரு அக்காவா?" என்று கேட்டார். "கூப்ட்டாத் தேஞ்சா போயிடுவ?" என்றார் அம்மா. இன்று வரை அவர் கூப்பிட்டதில்லை. ஆனால் கடைமடை வசனத்தை அதற்குப் பிறகு எந்தப் பந்தியிலும் சொல்லவுமில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய விட்டுக்கொடுத்தல்.

எங்கள் தளம் இன்னும் ஒழுகுகிறது. மழைக்கு முன் பூசிவிடலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருக்கிறார். முதுகலை முடித்துவிட்டேன். பி.எட். ஓர் ஆண்டு தள்ளிப் போயிருக்கிறது. இப்போது சிதம்பரத்தில் ஒரு டியூஷன் நிலையத்தில் தமிழ் சொல்லிக்கொடுக்கப் போய்வருகிறேன்; அதே பாசஞ்சர், அதே நிலையங்கள். கிள்ளை வரும்போது நான் நடைமேடைப் பக்கத்துச் சன்னலில் இருக்கிறேன். சில காலைகளில் சின்னம்மா அங்கே நிற்பார். தைத்து முடித்த பாவாடைக் கட்டைக் கடையில் சேர்க்கச் சொல்லிச் சன்னல் வழியாக என்னிடம் கொடுப்பார். வண்டி கிளம்பும்வரை, "அக்காவுக்கு முட்டி வலி எப்படி இருக்குது?" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு இருக்காது. இருவருமே அதிகம் பேசுகிறவர்கள் அல்லர்.

அப்பா விட்டுச் சென்ற சிக்கலை அம்மா ஒரு சொல்லால் அவிழ்த்ததை நான் நேரில் நின்று பார்த்தேன். அன்று முதல், ஒருவரைச் சுட்டி "இவர் உனக்கு யார்?" என்று என்னிடம் யாராவது கேட்டால், விடை சொல்வதற்கு முன் அம்மா இழுத்து விட்ட அந்த ஒரு மூச்சின் அளவுக்கு நின்று, நான் சொல்லப்போகும் சொல்லால் பக்கத்தில் நிற்பவரின் தலை நிமிருமா என்று எண்ணிப் பார்க்கிறேன்.